புதுப் பூட்டும் பழைய திறவுகோலும்

"கணினியின் கடவுச்சொல் மறந்துபோய், சென்ற மாதம் அதனை மாற்றினோம். புதிய சொல்லைத் தட்டினால் கணினி நன்றாகவே திறக்கிறது. ஆனால் திறந்த சிறிது நேரத்தில் திரையின் நடுவே ஒரு கட்டம் தோன்றுகிறது. நீங்கள் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல் உங்கள் சாவிக்கொத்தின் கடவுச்சொல்லோடு பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்து, மறுபடியும் ஒரு சொல்லைக் கேட்கிறது. புதியதைத் தட்டினால் ஏற்க மறுக்கிறது. நாள்தோறும் அதனை மூடிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். இது ஏதேனும் வைரஸின் வேலையா?" என்று இல்லத்தரசி ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அவருடைய மகன் கல்லூரியில் பயின்ற நாளில் அந்தக் கணினியில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தந்தாராம். இப்போது மகன் வெளியூரில் பணியாற்ற, கணினி தாயின் பொறுப்பில் இருக்கிறது.

இதனை ஒத்த கேள்வி நம்மிடம் வருவது முதன்முறை அன்று. விண்டோஸ் வைத்திருப்போரும், ஆப்பிள் நிறுவனத்தின் மேக் வைத்திருப்போரும் இதே தொல்லையை வேறு வேறு சொற்களில் கூறக் கேட்டிருக்கிறோம். எனவே அவருக்கு எழுதும் விடையை இம்மாதம் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

அம்மையாருக்கு முதலில் கூற வேண்டியது ஒன்று உண்டு. அஃது வைரஸின் வேலை அன்று. உங்கள் கணினிக்குள் நீங்கள் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் யாவும் இன்னும் பத்திரமாக உள்ளன. ஆனால் அவை இன்னும் பழைய பூட்டுக்குள்ளேயே உள்ளன. அதைத்தான் அந்தக் கட்டம் நாள்தோறும் உங்களிடம் கூறுகிறது. ஆகவே அந்தத் தொல்லை தீர வேண்டுமென்று எவரையும் அழைத்து, எதையும் அழித்துவிடச் சொல்லாதீர்கள். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

இக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை கடவுச்சொற்கள் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, மின்கட்டணத்துக்கு ஒன்று, வருங்கால வைப்பு நிதிக்கு ஒன்று, இரயில் முன்பதிவுக்கு ஒன்று, பிள்ளையின் பள்ளிக்கு ஒன்று. அவற்றையெல்லாம் மனத்தில் வைத்திருப்பது மனிதரால் ஆகாது. ஆதலின் கணினியே, "இதனை நான் நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று வினவுகிறது. நாமும் ஆம் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு அத்துடன் மறந்துவிடுகிறோம். மறப்பதற்காகத்தானே அந்த ஏற்பாடு!

அவ்வாறு ஒப்படைத்த சொற்கள் எங்கே போகின்றன? லினக்ஸ் கணினிகளில் பெரிதும் வழங்கும் க்நோம் என்னும் திரைச்சூழலில் அவை 'கீரிங்' என்னும் இடத்தில் வைக்கப்படுகின்றன. சாவிக்கொத்து என்பது அதன் பொருள். உண்மையில் அது கொத்து அன்று, பூட்டிய பேழை. ஆதலின் இக்கட்டுரையில் அதனைப் பேழை என்றே வழங்குவோம். வன்தட்டில் அது ஒரு சிறு கோப்புதான். எனினும் அதனைத் திறந்து படிக்க முயல்வோருக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே தென்படும். அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்த மறையை அவிழ்க்கும் திறவுகோல் யாது? காலையில் கணினியைத் திறக்க நாம் தட்டுகிறோமே, அந்த நுழைவுக் கடவுச்சொல்லேதான். குரோம் உலாவியும் லினக்ஸில் பெரும்பாலும் இப்பேழையையே நம்பியிருக்கிறது. வலைத்தளங்களின் கடவுச்சொற்களைத் தன் சொந்தக் கோப்பில் மறையாக்கி வைத்துக்கொண்டு, அதனை அவிழ்க்கும் திறவுகோலை மட்டும் பேழையில் இட்டு வைக்கும். எனவே பேழை போனால் அதற்குள் இருந்தவை மட்டுமல்ல, அதற்கு வெளியே இருப்பவையும் பயனற்றுப் போகக்கூடும்.

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. நுழைவுக் கடவுச்சொல்லை மாற்றியதும் புதிய சொல்லைக் கணினி ஏற்றுக்கொண்டதே. பேழை மட்டும் ஏன் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது? இரண்டும் ஒரே கணினிக்குள் இருப்பவைதாமே?

இதற்கு விடை காண, இரு வேலைகளுக்கிடையே உள்ள வேற்றுமையை அறிய வேண்டும். ஆளை அடையாளம் காண்பது ஒரு வேலை. பூட்டி வைத்த பொருளைத் திரும்ப எடுத்துத் தருவது வேறொரு வேலை. வாயிற்காப்போன் செய்வது முதலாவது. பெட்டகம் செய்வது இரண்டாவது.

வாயிற்காப்போனுக்கு நம் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வியப்பாக இருக்கலாம், ஆனால் உண்மை அதுவே. தொடக்கத்தில் அவ்வாறு இருக்கவில்லை. 1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒரே வேளையில் பகிர்ந்து பயன்படுத்திய கணினி ஒன்றில், எல்லாருடைய கடவுச்சொற்களும் உள்ளது உள்ளபடியே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் ஒரு குளறுபடியால், நுழைவோருக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பின் இடத்தில் அந்தக் கோப்பு வந்து அமர்ந்துகொண்டது. நுழைந்தவர் ஒவ்வொருவரும் அனைவருடைய கடவுச்சொல்லையும் திரையில் கண்டனர்! அக்கணினி முறையை உருவாக்கிய பெர்னாண்டோ கோர்பட்டோ அவர்களே இதனைப் பிற்காலத்தில் எடுத்துரைத்திருக்கிறார்.

பின்னர் யூனிக்ஸ் இயங்குதளத்தை அமைத்தவர்கள் வேறு வழி கண்டனர். கடவுச்சொல்லை ஒரு கணித முறைக்கு உட்படுத்தி, அதன் விளைவாகிய சுவட்டை மட்டும் வைத்துக்கொள்வது, சொல்லை வைத்துக்கொள்வதில்லை. சொல்லிலிருந்து சுவட்டைப் பெறலாம். சுவட்டிலிருந்து சொல்லைத் திரும்பப் பெற வழியில்லை. நாம் தட்டும் சொல்லின் சுவடும் வைத்திருக்கும் சுவடும் ஒத்திருந்தால் உள்ளே விடலாம், அவ்வளவே. ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் ஆகிய இருவரும் 1979ஆம் ஆண்டு இதனை விளக்கி எழுதிய கட்டுரை கணினித்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டும் ஒன்று. இன்றைய கணினிகள் யாவும் அந்த நெறியிலேயே செல்கின்றன.

இதனால் விளைவது யாது? கடவுச்சொல்லை மறந்தவருக்காகக் கணினியின் நிர்வாக உரிமை பெற்ற ஒருவர், பழைய சுவட்டை எடுத்து எறிந்துவிட்டுப் புதிய சொல்லின் சுவட்டை அங்கே வைத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. பழைய சொல் இன்னதென்று அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை; தெரிந்துகொள்ளவும் அவரால் இயலாது. வாயிற்காப்போனிடம் ஆளின் புகைப்படத்தை மாற்றிக் கொடுப்பது போன்றது அது.

பேழையின் கதை அவ்வாறன்று. வங்கியின் வலைத்தளத்துக்குச் சுவட்டைக் கொடுத்தால் அது ஏற்காது. கடவுச்சொல்லையே எழுத்துக்கு எழுத்துக் கொடுத்தாக வேண்டும். ஆகவே பேழைக்குள் இருப்பவை திரும்பப் பெறக்கூடியவையாக இருந்தாக வேண்டும். திரும்பப் பெறுவதற்கு ஒரே வழி, எந்தச் சொல்லால் பூட்டினோமோ அதே சொல். நிர்வாகி எவ்வளவு அதிகாரம் படைத்தவராயினும் கணிதத்துக்கு அவர் அதிகாரி அல்லர். அவர் அந்தக் கோப்பை நகலெடுக்கலாம், இடம் மாற்றலாம், அழிக்கலாம். திறக்க மட்டும் இயலாது. இது குறை அன்று. கணினியைத் திருடிச் சென்றவனும் அதே நிலையில்தான் நிற்பான் என்பதே இதன் பயன்.

நிற்க. நுழைவுச் சொல்லும் பேழைச் சொல்லும் இரு வேறு பூட்டுகளாயின், இத்தனை நாளும் ஒரே முறை தட்டியதில் இரண்டும் திறந்தது எவ்வாறு? இங்கேதான் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. லினக்ஸில் ஒருவரை அடையாளம் காணும் பணியைப் 'பாம்' என்னும் அமைப்பு நடத்துகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1995ஆம் ஆண்டு முன்வைத்த முறை இது. ஒரே வரிசையில் பல ஊழியரை நிறுத்தி வைப்பது அதன் தன்மை. நாம் தட்டிய சொல்லை முதல் ஊழியர் வாங்கிச் சுவட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சரியென்றால் அதே சொல்லை அடுத்தவர் கையில் கொடுப்பார். அந்த அடுத்தவர் க்நோம் பேழையைச் சேர்ந்தவர். அவர் அச்சொல்லைக் கொண்டு பேழையையும் ஓசையின்றித் திறந்து வைத்துவிடுவார். நமக்கு ஒரு கதவு திறந்ததாகத் தோன்றும்; உண்மையில் திறந்தவை இரண்டு.

கடவுச்சொல்லை மாற்றும் வேளையிலும் அதே வரிசைதான். கணினியின் அமைப்புகள் பகுதியில் நாமே சென்று சொல்லை மாற்றினால், முதலில் அது பழைய சொல்லைக் கேட்கிறது. பிறகு புதியதை இரு முறை கேட்கிறது. பழையதும் புதியதும் ஆகிய இரண்டும் வரிசையில் கை மாறிப் பேழையின் ஊழியரையும் சென்றடைகின்றன. அவர் பழையதைக் கொண்டு பேழையைத் திறந்து, புதியதைக் கொண்டு மறுபடி பூட்டி வைக்கிறார். இரு பூட்டும் ஒன்றாகவே மாறிவிடுகின்றன.

ஆனால் நிர்வாகி ஒருவர் மாற்றும்போது பழைய சொல் கேட்கப்படுவதே இல்லை. கேட்கப்படாத சொல் பேழையின் ஊழியர் கைக்கு எப்படி வரும்? அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பேழை பழைய பூட்டிலேயே தங்கிவிடுகிறது. மறுநாள் காலை நாம் புதிய சொல்லைத் தட்டுகிறோம். வாயில் திறக்கிறது, பேழை திறக்கவில்லை. அம்மையார் கண்ட கட்டம் அப்போது தோன்றியதுதான்.

ஆகவே இந்த விடயத்தில் நினைவில் வைக்க வேண்டிய அடையாளம் ஒன்றே: மாற்றும்போது கணினி பழைய சொல்லைக் கேட்டதா, இல்லையா? கேட்டிருந்தால் பேழையும் உடன் வந்திருக்கும். கேட்காமல் மாறியிருந்தால் பேழை பின்தங்கியிருக்கும். லினக்ஸுக்கு மட்டுமன்றி மேக், விண்டோஸ் ஆகியவற்றுக்கும் இந்த அடையாளம் பெரும்பாலும் பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நாம் நன்கு அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறோம். குடும்பத் தலைவர் ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காகச் செய்பவர். வீட்டின் வரவு செலவு, காப்பீடு, பிள்ளைகளோடு கடிதப் போக்குவரத்து அனைத்தும் அவருடைய லினக்ஸ் கணினியில்தான். திடீரென்று மாரடைப்பால் இறந்துபோனார். அடக்கம் முடிந்த இரண்டாம் வாரம், மனைவியும் மகளும் கணினியின் முன் அமர்ந்தனர். நுழைவுச் சொல் இருவருக்கும் தெரியவில்லை. கணினி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்தனர். கெட்டிக்காரர்தான். பத்து நிமிடத்தில் புதிய கடவுச்சொல் வைத்துக் கணினியைத் திறந்து கொடுத்தார். கணவர் எடுத்த புகைப்படங்களும், எழுதி வைத்த கணக்குகளும் கண்முன் வந்தன. அம்மையார் கண்ணீரோடு அவருக்கு நன்றி கூறினார்.

மறுநாளிலிருந்து அந்தக் கட்டம் தோன்றலாயிற்று. மின்னஞ்சலைத் திறந்தால் தோன்றும், உலாவியைத் திறந்தால் தோன்றும். மூன்று நாள் பொறுத்துவிட்டு இளைஞரை மறுபடி அழைத்தனர். அவர் வந்து, பேழைக் கோப்பை அழித்துவிட்டார். கட்டம் மறைந்தது. புதிய பேழை ஒன்று, வெறுமையாக, தானே தோன்றியது. வேலை முடிந்ததென்று அனைவரும் மகிழ்ந்தனர்.

ஒரு மாதம் கழித்து, மகளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தந்தை முதன்முதலில் பணியேற்ற ஊரின் பெயரோடு அந்த ஆண்டைச் சேர்த்து எழுதுவது அவர் வழக்கம். பழைய கைப்பேசிக்கும் அதையே வைத்திருந்தார். அதுவாகத்தான் இருந்திருக்கும்! ஆனால் சோதித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. திறவுகோல் கிடைத்தபோது பெட்டி இல்லை. மின்னஞ்சல் கணக்கை மீட்க முயன்றனர். மீட்புக்கான எண் தந்தையின் கைப்பேசிக்குச் செல்லும். அதுவோ பணம் செலுத்தப்படாமல் இணைப்பு அறுந்து கிடந்தது. வெளிநாட்டிலுள்ள மகனுக்கும் தந்தைக்கும் இடையே பல ஆண்டுகளாக நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் அந்த மின்னஞ்சலில் இருந்தது. பணத்தைப் பற்றிய செய்திகளை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி மீட்டுவிட்டனர். கடிதங்களில் மகனிடம் இருந்த பாதி மட்டுமே எஞ்சியது.

அந்த இளைஞரைக் குறை கூற நாம் விரும்பவில்லை. கட்டத்தைப் போக்கச் சொன்னார்கள், போக்கினார். அழிப்பதற்குப் பதிலாக அக்கோப்பின் பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தால் கட்டமும் மறைந்திருக்கும், பேழையும் மிஞ்சியிருக்கும். சில எழுத்துகளின் வேறுபாடுதான்.

இனி மேக் கணினியைப் பற்றி. அங்கே பேழைக்குக் 'கீசெயின்' என்று பெயர். ஏற்பாடு ஏறக்குறைய இதுவே. உரியவரே பழைய சொல்லைக் கொடுத்து மாற்றினால் கீசெயினும் உடன் மாறும். பிறர் மாற்றி வைத்தால், கணினி புதிய வெற்றுக் கீசெயின் ஒன்றைத் தொடங்கும். அல்லது அதற்கு நம் இசைவைக் கேட்கும். அங்கே ஓர் ஆறுதல்: பழையதை அது அழித்துவிடுவதில்லை, பெயர் மாற்றி அதே இடத்தில் விட்டு வைக்கிறது. பழைய சொல் பின்னால் நினைவுக்கு வந்தால் திறந்துகொள்ளலாம். இந்த ஒன்றில் ஆப்பிள் நிறுவனத்தாரின் முன்யோசனையைப் பாராட்டவே வேண்டும்.

விண்டோஸில் 2000ஆம் ஆண்டு முதல் இத்தகைய காப்பு முறை ஒன்று உள்ளேயே அமைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பேழையாக அது வெளிப்படுவதில்லை. ஆதலின் பலர் அறிவதும் இல்லை. அந்தக் கணினிக்கென்றே வைத்துள்ள கணக்கின் சொல்லை நிர்வாகி வலிந்து மாற்ற முற்படுகையில், இதனால் மீட்க இயலாத இழப்பு நேரலாம் என்று ஓர் எச்சரிக்கை தோன்றும். எச்சரிக்கைகளைப் படிக்காமலே சரி என்று தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு ஊறிப்போனது. இந்த ஒன்றையாவது நின்று படியுங்கள்.

இப்போது அம்மையாரின் கணினிக்கு வருவோம். பழைய சொல் நினைவிருக்கிறதா என்பதே முதற் கேள்வி. அவருக்கு மறந்துபோனாலும் கணினியை அமைத்துத் தந்த மகனுக்கு நினைவிருக்கலாம், தொலைபேசியில் கேட்கட்டும். கிடைத்துவிட்டால் வேலை எளிது. கணினியின் செயலிகளுள் 'பாஸ்வேர்ட்ஸ் அண்டு கீஸ்' என்னும் பெயரில் ஒன்று இருக்கும், இல்லையேல் நிறுவிக்கொள்ளலாம். அதைத் திறந்தால் இடப்பக்கத்தில் 'லாகின்' என்று ஒரு வரி தெரியும். அதன்மேல் வலப்பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான தெரிவு வரும். முதலில் பழைய சொல். பிறகு, இப்போது கணினியைத் திறக்கும் சொல்லையே, ஓர் எழுத்தும் பிசகாமல், இரு முறை. அவ்வளவே. மறுமுறை கணினியைத் திறக்கும்போது கட்டம் தோன்றாது.

பழைய சொல் எவருக்குமே நினைவில்லையானால், முன்னர்ச் சொன்னபடி பெயர் மாற்றும் வழி இருக்கிறது. பயனரின் இல்ல அடைவினுள், மறைந்திருக்கும் 'லோக்கல்' என்ற அடைவில் 'ஷேர்', அதனுள் 'கீரிங்ஸ்'. அங்கே 'லாகின்' என்று தொடங்கும் கோப்பு. அதன் பெயரின் முன்னே 'பழையது' என்றோ ஆண்டையோ சேர்த்துவிட்டு, ஒரு நகலைப் பென்டிரைவ் ஒன்றிலும் வையுங்கள். வெளியேறி மீண்டும் நுழைந்தால் புதிய பேழை தோன்றும். குரோம் உலாவியைக் கூகுள் கணக்கோடு இணைத்து வைத்திருப்போருக்கு வலைத்தளக் கடவுச்சொற்களின் படி அங்கே இருக்கவும் கூடும், பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தொல்லைக்கு இன்னொரு மருந்தையும் சிலர் பரிந்துரைப்பர். பேழையின் கடவுச்சொல்லை வெறுமையாக வைத்துவிட்டால் அது எக்காலத்தும் எதையும் கேட்காது என்பர். கேட்காதுதான். ஆனால் வெறுமையான சொல்லுக்கு மறையாக்கம் இல்லை. உள்ளிருப்பவை அனைத்தும் வெற்றெழுத்தில் கோப்பில் கிடக்கும். வங்கியின் கடவுச்சொல்லை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. பேத்தி விளையாட மட்டும் பயன்படும் கணினியில் அவ்வாறு வைத்தால் வைத்துப் போகட்டும். குடும்பத்தின் கணக்குகள் உள்ள கணினியில் வேண்டவே வேண்டாம்.

கடவுச்சொல்லை மாற்றவே இல்லை, ஆயினும் கட்டம் தோன்றுகிறது என்பாரும் உளர். அவர்கள் கணினியைத் தானே நுழையும்படி அமைத்திருப்பார்கள். அல்லது விரல் ரேகையால் திறப்பார்கள். இரண்டிலும் சொல் தட்டப்படுவதில்லை. தட்டப்படாத சொல்லை வரிசையில் கை மாற்றிக் கொடுக்க ஊழியரிடம் ஒன்றும் இல்லை. ஆகவே பேழை தனியே கேட்கிறது. இங்கே எதுவும் பழுதாகவில்லை. நாளுக்கு ஒரு முறை சொல்லைத் தட்டி நுழைந்தால் தீர்ந்தது.

மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டுமா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். அலுவலகங்கள் பல நெடுங்காலம் அவ்வாறு வற்புறுத்தி வந்தன. அமெரிக்க அரசின் தரநிர்ணயம் மற்றும் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், சொல் வெளிப்பட்டதற்கு அறிகுறி இருந்தால் மாற்றினால் போதும் என்று அறிவித்துவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி எழுதுவர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. நீளமான ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டு, காரணம் நேர்ந்தால் மட்டும், உரியவரே அமர்ந்து மாற்றுவதுதான் நன்று. மாற்றிய பின்னும் பழையதை உடனே மறந்துவிடாமல், பேழை புதிய சொல்லுக்குத் திறக்கிறதா என்று ஒரு வாரமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த சொல், அவருக்குப் பின் எவருக்கும் தெரியாத சொல் ஆகிவிடுகிறது. கணவன் மனைவிக்குச் சொல்லத் தயங்குவதும், மனைவி கேட்கத் தயங்குவதும் நம் வீடுகளில் புதிதல்ல. இடையில் பெரிய காரணமும் இருப்பதில்லை; நாளை சொல்லலாம் என்பதுதான். கணினியின் நுழைவுச் சொல்லை ஒரு தாளில் தெளிவாக எழுதி, மாற்றிய தேதியையும் குறித்து, உறையில் இட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். எல்லாக் கடவுச்சொற்களையும் எழுத வேண்டியதில்லை. பேழையைத் திறக்கும் ஒன்று இருந்தால் மற்றவை உள்ளே இருக்கின்றன. சொல்லை மாற்றும் நாளில் உறையையும் மாற்ற வேண்டும். ஆனால் முந்தைய தாளைக் கிழித்துவிடாமல் அதற்கும் ஒரு தேதி இட்டு உள்ளேயே வைத்திருங்கள். பெயர் மாற்றி வைத்த பழைய பேழைக்கு அதுதான் திறவுகோல்.

இதில் ஓர் இடைக்குறிப்பு. இறந்தவரின் வங்கிக் கணக்கை அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு திறந்து பணம் எடுப்பதற்காக நாம் இதனைச் சொல்லவில்லை. அது முறையன்று; பின்னர்ச் சிக்கலும் தரும். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குச் சென்று, நியமனதாரர் வழியாகவோ வாரிசுச் சான்று வழியாகவோ பெறுவதே நேரிய வழி. நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யாதவர்கள் இந்த வாரமே செய்யட்டும். உறையில் உள்ள சொல் உதவுவது, எந்தெந்த வங்கியில் கணக்கு இருந்தது, எந்தக் காப்பீட்டுக்குத் தவணை கட்டினார், எவருக்குக் கடன் கொடுத்திருந்தார் என்று அறிவதற்கும், கடிதங்களையும் படங்களையும் காப்பதற்கும்.

எழுதிய அம்மையார் கடிதத்தின் அடியில் மற்றொன்றும் கேட்டிருக்கிறார். அவர் ஃபயர்பாக்ஸ் உலாவியை மட்டுமே பயன்படுத்துகிறாராம். அதில் சேமித்த சொற்கள் மட்டும் இந்த மாதம் முழுவதும் தடையின்றி வேலை செய்கின்றனவே, எவ்வாறு என்கிறார். ஃபயர்பாக்ஸ் தன் கடவுச்சொற்களைத் தனக்கே உரிய கோப்பில் வைத்துக்கொள்கிறது. க்நோம் பேழையைச் சார்ந்து நிற்பதில்லை. அதனால்தான் அவருக்கு இழப்பின் உறைப்பு இதுவரை தெரியவில்லை. அந்த உலாவிக்கெனத் தனியே ஒரு முதன்மைக் கடவுச்சொல்லை அதன் அமைப்புகளில் வைத்துக்கொள்ளலாம். வைக்காதவரை, கணினியைத் திறந்தவர் எவரும் அந்தச் சொற்களைப் பார்க்க இயலும். அதனை வைப்பதாயின் கணினியின் நுழைவுச் சொல் மாறும்போது அது தானாக மாறாது. உறையில் அதற்கும் ஒரு வரி வேண்டும். அவருடைய பேழைக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதை, மகனிடம் பழைய சொல்லைக் கேட்டுத் திறந்த பிறகு நமக்கு எழுதட்டும்.